தரையோடு இழுத்தே என் காரைக் கொன்றார்கள்: 4,380 வெள்ளி போச்சு

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மத்தியானம்தான் வொர்க்‌ஷாப்பில் பில்லைக் கையில் கொடுத்தார்கள். இழுத்துவந்த கூலியோடு சேர்த்து 4,380 சிங்கப்பூர் வெள்ளி. டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த காசு.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் வழக்கு போடப் போகிறேன்; அதுவரை வாயை அடக்கு என்று மனைவி சொல்லியிருக்கிறாள். வகையை மட்டும் சொல்கிறேன்: கார் நடுவழியில் நின்றால் அதை இழுத்துப்போக டோ லாரி பிடித்துத் தருகிற ஒரு செயலி. என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஜூரோங்கில் வேலை முடிந்து ஈசூனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. கிளமெண்டி வருவதற்குள் டேஷ்போர்டே மங்கிவிட்டது, ஓரம் கட்டியதோடு எஞ்சின் அணைந்தது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது. அது என் தலையெழுத்து, அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் எமாஸ் என்கிற அரசு அமைப்பின் ஆட்கள் வந்து, முன்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்து, வெளியே ஒரு கார்நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு காசு வாங்கவில்லை. விரைவுச்சாலையில் நின்றால் அந்தச் சேவை இலவசம், ஆனால் பக்கத்தில் குறித்து வைத்திருக்கும் கார்நிறுத்தம் வரைதான். அதற்கு மேல் நம் பாடு. அவர்கள் முன்சக்கரத்தைத் தூக்கித்தான் இழுத்தார்கள். கண்ணால் பார்த்தேன். பார்த்தும் புத்தி வரவில்லை.

செயலியில் ‘பிளாட்பெட்’, அதாவது காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி என்று தெளிவாகத் தேர்ந்தெடுத்தேன். 200 வெள்ளி காட்டியது. நாற்பது நிமிடம் கழித்து வந்தது பிளாட்பெட் இல்லை, ஒரு சின்ன லாரி. இறங்கிய பையன் என்னைப் பார்த்ததும், “அண்ணே, தமிழா?” என்றான். புதுக்கோட்டைப் பக்கமாம். மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது அந்த ஒரு ‘அண்ணே’ என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

“பிளாட்பெட் துவாஸ்ல மாட்டிக்கிச்சுண்ணே, வர ரெண்டு மணி நேரம் ஆகும். இந்தக் கம்பியில இழுத்துட்டுப் போயிரலாம், ஒண்ணும் ஆகாது” என்றான்.

தம்பி, இது சிவிடி கியர்பாக்ஸ், சக்கரம் தரையில் உருளலாமா என்று கேட்டேன். கேட்காமல் இல்லை! (சிவிடி என்றால் பல்சக்கரங்களுக்குப் பதில் புல்லியும் எஃகுப் பட்டையும் வைத்த ஆட்டோ கியர்பாக்ஸ்.) உடனே கைப்பேசியை எடுத்து ஒரு வீடியோ காட்டினான். பேருந்து மாதிரி பெரிய மோட்டார்ஹோம், பின்னால் ஒரு சிவப்பு ஜீப், நாலு சக்கரமும் ரோட்டில் உருளப் போய்க்கொண்டிருக்கிறது. “அமெரிக்காவுல வீட்டு வண்டி வச்சிருக்கிறவனெல்லாம் ஆயிரக்கணக்கான மைலு இப்படித்தாண்ணே இழுத்துட்டுப் போறான். நாம ஈசூன் போறதுக்குப் பயப்படலாமா?”

அங்கேதான் விழுந்தேன். செயலி வழியாகக் கட்டாமல் கைப்பேசியில் வங்கிக் கணக்குக்கு நேரே பணம் அனுப்புகிற பேநவ் போட்டால் 180 வெள்ளி என்றான். போட்டேன். ஏதோ ஒரு படிவத்தைக் கைப்பேசியில் நீட்டினான். திரையெல்லாம் மழைத்துளி, விரலால் ஒரு கிறுக்கு கிறுக்கினேன்.

மஞ்சள் பெயின்ட் உரிந்த ஒற்றைக் கம்பி, ஒரு சங்கிலி, அவ்வளவுதான் அவனுடைய சாமான். கம்பியைக் காரின் முன் கொக்கியில் மாட்டினான். பேட்டரியில் உயிர் இல்லாததால் கியர் நகரவில்லை. கியர் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைப் பெயர்த்து, சாவி முனையால் உள்ளே குத்தி நியூட்ரலுக்குத் தள்ளினான். என்னை உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கச் சொன்னான். புக்கிட் தீமா, மண்டாய் வழியாக கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். வைப்பர் ஓடவில்லை, பின்விளக்கு எரியவில்லை, எஞ்சின் இல்லாததால் பிரேக் கல்லு மாதிரி. ஒவ்வொரு சிக்னலிலும் லாரியின் பின்பக்கம் என் முகத்துக்கு நேரே வந்தது. மண்டாய் ரோட்டில் கருகின வாடை வந்தது. லாரி புகை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். எஞ்சின் பட்டென்று பிடித்தது. கியர் போட்டால் கார் நகரவில்லை, உள்ளே கரகரவென்று சத்தம். வொர்க்‌ஷாப் அங்கிள், முப்பது வருடமாகக் கார் பார்க்கிறவர், கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி அதிலிருந்த காந்தத்தை விரலால் வழித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் பசை, வெளிச்சத்தில் மினுமினுத்தது. எல்லாம் இரும்புப் பொடி. “யார் இப்படி இழுத்தது?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிலிருந்து மூன்று ராத்திரி தூக்கமில்லாமல் இதையே படித்தேன். அவன் காட்டிய வீடியோ பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அது வேறு கார், வேறு ஏற்பாடு. ஜீப் ராங்லரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒன்று உண்டு, அதை நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அற்றுப்போகும். ஹோண்டா சிஆர்-வியைக்கூட அமெரிக்காவில் 2014 மாடல் வரை அப்படி இழுத்திருக்கிறார்கள். அதற்கும் எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றி, நியூட்ரலில் மூன்று நிமிடம் வைத்து அணைக்கச் சொல்லிக் காரோடு வந்த புத்தகத்திலேயே முறை போட்டிருந்தது. 2015-இல் அதே காருக்கு சிவிடி வந்தது, தரையோடு இழுக்கும் கதை அதோடு முடிந்தது.

சிவிடியில் எண்ணெயைச் சுழற்றும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். செத்த காரின் சக்கரத்தை உருட்டினால், நியூட்ரலே ஆனாலும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளே புல்லியும் எஃகுப் பட்டையும் எண்ணெய் அழுத்தமில்லாமல் உரசிக்கொண்டே சுற்றும். என் காரில் இருபது கிலோமீட்டர் சுற்றியிருக்கிறது.

அங்கே அந்த மோட்டார்ஹோம்காரர்கள் சும்மா கம்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவதும் இல்லை. காரின் சட்டத்தில் போல்ட் போட்டு ஒரு தாங்கி, அதில் இரண்டு பக்கமும் பிடிக்கிற கம்பி, கம்பி கழன்றால் காப்பாற்ற இரண்டு கேபிள், முன்னால் பிரேக் போட்டால் பின்னால் வரும் காரின் பிரேக்கையும் மிதிக்க ஒரு கருவி, பின்விளக்குக்குத் தனி வயர். எனக்கு வாய்த்தது ஒரு மஞ்சள் கம்பி. பிரேக் மிதிக்கும் கருவி நான்தான்.

இனி அலைக்கழிப்பைக் கேளுங்கள். பையனைக் கூப்பிட்டேன், “பாஸ் பேசுவாருண்ணே” என்றான். அதற்குப் பிறகு என் எண்ணை எடுக்கவே இல்லை. பாஸ் இரண்டு நாள் கழித்துப் பேசினார்: “கியர்பாக்ஸ் ஏற்கெனவே போயிருக்கும், அதனாலதான் வண்டி நின்னிருக்கும்.” ஆல்டர்னேட்டர் பில்லை அனுப்பினேன். அதற்குப் பதில், நான் மழையில் கிறுக்கின படிவம் வந்தது. ‘வாகனம் இருக்கும் நிலையிலேயே இழுக்கப்படுகிறது, பழுதுக்குப் பொறுப்பில்லை’ என்று எறும்பு சைஸில் எழுத்து. செயலியில் மூன்று நாள் ஒரு ரோபோ என் அனுபவத்துக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் ஒரு மனிதர் வந்தார். “நாங்க அறிமுகம் மட்டும்தான் செய்றோம் சார். நீங்க எங்க மூலமா கட்டணமும் கட்டலையே?” இருபது வெள்ளி மிச்சம் பிடித்த லட்சணம்.

காப்புறுதிக்காரர்களைக் கூப்பிட்டேன். இயந்திரக் கோளாறு கணக்கில் வராதாம். கூடவே அந்தப் பெண் தன்மையாகக் கேட்டாள்: “எங்க 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட்டிருக்கலாமே சார், பிளாட்பெட் அனுப்பியிருப்போமே?” அந்த எண் அச்சடித்த அட்டை என் கார் டிராயரில்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி என் முழங்காலிலிருந்து அரை அடி தூரத்தில்.

பழைய கியர்பாக்ஸ் ஒன்று தேடிப் பிடித்துப் போட 4,200, இழுத்ததற்கு 180. ஆக 4,380 வெள்ளி. சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கும் உரிமைச் சான்று, முடிய இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிற காருக்கு.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பிளாட்பெட் கேட்டு வேறு லாரி வந்தால் திருப்பி அனுப்புங்கள், இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் பரவாயில்லை. பிளாட்பெட் கிடைக்கவே இல்லையென்றால், முன்சக்கரம் இழுக்கும் கார்களுக்கு முன்பக்கத்தையாவது தூக்கச் சொல்லுங்கள். நாலு சக்கரத்துக்கும் விசை போகிற கார் என்றால் அதுவும் கூடாது. தெரியாத ஆளுக்குப் பேநவ் போடாதீர்கள். காப்புறுதி எண்ணை இப்போதே கைப்பேசியில் ஏற்றுங்கள். தமிழ் பேசினான் என்பதற்காக… சரி, விடுங்கள்.

பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதியாச்சு. அடுத்து சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், 5,000-க்குள் இருக்கும் பயனீட்டாளர் வழக்குக்குப் பதிவுக் கட்டணம் பத்து வெள்ளிதான். கழற்றின கியர்பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று அங்கிளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இரும்புப் பொடி எண்ணெயில் கொஞ்சம் ஒரு ஜாம் பாட்டிலில் வாங்கி வந்து வாசலில் செருப்பு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். நாற்றம் அடிக்கிறது, எடு என்கிறாள் மனைவி. எடுக்க மாட்டேன்.