திறந்தவெளி வெளிச்சமும் அறை வெளிச்சமும்: கண்ணில் ஏற்படுத்தும் மாற்றங்கள்

பிறக்கும்போது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்விழி, வளர்ந்தவர்களில் சுமார் 24 மில்லிமீட்டரை எட்டுகிறது. இந்த வளர்ச்சி எங்கே நிற்கிறது என்பதில் மரபணுவோடு வெளிச்சத்துக்கும் பங்குண்டு.

அறையின் வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவதில்லை. நேரடி வெயிலிலோ அது 1,00,000 லக்ஸ் வரை செல்லும். பிரகாசமான ஒளி விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டி, விழி நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். விழி 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் சுமார் 2.5 டயாப்டர் (கண்ணாடியின் திறனைக் குறிக்கும் அலகு) கிட்டப்பார்வை ஏற்படும் என்பதால், இது சிறிய விஷயமல்ல. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளில் சிங்கப்பூரில் 29.1 சதவீதத்தினருக்கும் சிட்னியில் வெறும் 3.3 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னிக் குழந்தைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரமும் சிங்கப்பூர்க் குழந்தைகள் சுமார் 3 மணி நேரமும் வெளியில் கழித்தனர். வியப்பு என்னவென்றால், புத்தகம் படிப்பதில் சிட்னிக் குழந்தைகள் பின்தங்கியிருக்கவில்லை.

ஆனால் வெயிலுக்கும் விலை உண்டு. புற ஊதாக் கதிர்களை விழிவெண்படலமும் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம்) கண் வில்லையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால், பல ஆண்டுகள் வெயிலில் உழைப்போருக்குக் கண்புரையும், விழிவெண்படலத்தின் மேல் வளரும் சதைப்படலமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அறைக்குள் இந்த ஆபத்து மிகக் குறைவு. அங்கே குளிரூட்டியின் வறண்ட காற்றும், திரையைப் பார்க்கையில் குறையும் இமைத்தலும் கண்ணீர்ப் படலத்தை உலர்த்துகின்றன.

குழந்தைப் பருவத்தில் திறந்தவெளியே மேல் என்பது என் கணிப்பு. மர நிழலில்கூட அறையைவிடப் பன்மடங்கு வெளிச்சம் இருப்பதால், தொப்பி அணிந்து நிழலில் விளையாடினாலும் அந்தப் பயன் பெருமளவு கிடைக்கும்.