கார்டு பில்லை இரண்டு தடவை செலவு எழுதும் செயலி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் பயன்படுத்தும் வரவு செலவுச் செயலியின் ஆண்டுச் சந்தா இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது. குறைந்த நாளிலிருந்து, "நீதான் ரொம்ப நாளாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். வங்கிக் கணக்கை இணைப்பது, செலவைத் தானாக வகை பிரிப்பது, மாதக் கடைசியில் வட்டப்படம் காட்டுவது இதெல்லாம் எல்லாச் செயலியிலும் உண்டு, அதை விட்டுவிடுவோம். பெயரும் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை இந்த ஒரு செயலியோடு நிற்பதில்லை.

எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை உள்ளே வைத்துக்கொண்டு மற்றதை நிதானமாக எழுத என்னால் முடியாது.

5ஆம் தேதி கிரெடிட் கார்டில் 2,000-க்கு ஒரு ஜோடி ஷூ வாங்குகிறேன். செயலி அன்றே அதைப் பிடித்து 'உடை, காலணி' என்ற தலைப்பில் எழுதிவிடுகிறது. சரி. அடுத்த மாதம் கார்டு பில் வருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து 2,000 கட்டுகிறேன். செயலி அதையும் பிடித்து 'கட்டணங்கள்' என்ற தலைப்பில் இன்னொரு செலவாக எழுதுகிறது. வாங்கியது ஒரே ஜோடி ஷூ, கணக்கில் போனது 4,000.

திருத்த வழி இருக்கிறது. அந்த வரியை அழுத்திப் பிடிக்க வேண்டும். பென்சில் குறியைத் தொட வேண்டும். தலைப்புகளின் பட்டியலில் கடைசி வரை இறங்கினால் 'கணக்கிடை மாற்றம்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும், "இதே போன்ற எல்லாவற்றுக்கும் இப்படியே செய்யட்டுமா?" என்று கேட்கும். ஆம் என்று சொல்வேன். அடுத்த மாதம் வங்கியின் குறுஞ்செய்தியில் பரிவர்த்தனை எண் வேறாக இருப்பதால், செயலிக்கு அது 'இதே போன்ற' ஒன்றாகத் தெரியாது. பழையபடி செலவுதான். மாதா மாதம் இதே வேலை.

கடனை அடைப்பது செலவு ஆகாது. செலவு நடந்தது ஷூ வாங்கிய அன்று. பில் கட்டிய அன்று வங்கி இருப்பு குறைந்தது, கார்டு பாக்கியும் அதே அளவு குறைந்தது, அவ்வளவுதான். எந்தத் தொகையையும் அது போன இடம், வந்த இடம் இரண்டிலும் எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. வெனிஸ் வணிகர்கள் இப்படித்தான் கணக்கு எழுதினார்கள். அந்த இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி 1494-ல் அச்சில் விளக்கிவிட்டார். ஐந்நூறு வருடத்துக்கு மேலாகப் பேரேடு எழுதுகிற யாருக்கும் வராத சந்தேகம், காசு வாங்கிக்கொண்டு கணக்கு எழுதித் தரும் ஒரு செயலிக்கு ஏன் வர வேண்டும்?

இதே நோயின் வேறு இரண்டு முகங்களும் உண்டு. ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் அது ஒரு செலவு, அந்த ரொக்கத்தில் எதையாவது வாங்கி நான் கையால் எழுதினால் அது இன்னொரு செலவு. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் திரும்ப வந்தால் அது வருமானம்! போன மாதச் செலவு குறைவதற்குப் பதிலாக இந்த மாத வரவு கூடிவிடுகிறது.

"திருத்திக்கொண்டால் போச்சு, இதற்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். மாத மொத்தம் என்ற அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. எதைக் குறைப்பது, தவணையில் வண்டி எடுக்கலாமா, சேமிப்பைக் கூட்டலாமா என்பதெல்லாம் அதில்தான் நிற்கிறது. உண்மையில் மிச்சம் பிடித்த மாதத்தில் துண்டு விழுந்ததாகத் திரை சிவப்பாகக் காட்டினால், புதிதாகக் கணக்கு எழுதத் தொடங்கியவர் இரண்டு மாதம் பார்ப்பார், மூன்றாம் மாதம் செயலியையும் அதோடு கணக்கு எழுதும் பழக்கத்தையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடுவார். எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் அப்படித்தான் விட்டார்கள். அவர்களுக்குச் சிக்கனம் வராமல் இல்லை. பார்த்த எண் தப்பு.

எழுதிக் கேட்டேன். வாடிக்கையாளர் சேவையில் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். "அடுத்த பதிப்பில் பரிசீலிக்கிறோம்" என்றார்கள். அதற்கப்புறம் பல பதிப்புகள் வந்துவிட்டன. கறுப்புத் திரை வந்தது, புது எழுத்துரு வந்தது, வட்டப்படம் சுழலவும் தொடங்கியது. கார்டு பில் இன்னும் செலவாகவே இருக்கிறது.

இன்னொரு பொத்தானையும் சொல்ல வேண்டும்: 'இருப்பைச் சரிசெய்'. செயலியில் இருக்கும் இருப்பும் வங்கியில் இருக்கும் இருப்பும் ஒத்துவராவிட்டால் இதை அழுத்தினால் போதும், வித்தியாசத்தை 'இதர' என்று எழுதி இரண்டையும் சமமாக்கிவிடும். கணக்கு உதைக்கிறது என்றால் எங்கேயோ ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேட விடாமல் மூடி மறைக்கும் பொத்தான் இது. தேடுவதும் பெரிய வேலை இல்லை. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு தொகையில் இலக்கம் இடம் மாறியிருக்கும். 450 என்பதை 540 என்று தட்டியிருப்போம், வித்தியாசம் 90. கையால் போடும் ரொக்கச் செலவுகளில்தான் இது அதிகம் நடக்கும். வித்தியாசம் இரட்டை எண்ணாக இருந்தால் அதைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடிப் பாருங்கள். வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதியிருந்தால் தவறு சரியாக இரு மடங்காகத் தெரியும். இந்த இரண்டையும் பார்த்தாலே பாதித் தப்புகள் அகப்பட்டுவிடும். வாரம் ஒரு தடவை உட்கார்ந்து டேலி செய்தால் தேட வேண்டியது ஏழு நாள் வரிகளைத்தான். மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் ஞாபகமும் நம்மோடு இருக்காது.

சரி, நல்லதுக்கு வருகிறேன். இதே செயலியில் நான் உண்மையாகவே கொண்டாடுகிற இரண்டு பக்கங்கள் இருக்கின்றன.

முதலாவது, கடன் பக்கம். கார்டு பாக்கி, வட்டி, மாதம் கட்டும் தொகை மூன்றையும் கொடுத்தால் கடன் எந்த மாதம் தீரும் என்று சொல்கிறது. மேலே ஒரு நழுவுபட்டை, அதை நகர்த்த நகர்த்தத் தீரும் மாதம் மாறும். பாக்கி ஒரு லட்சம், வட்டி மாதம் 3 சதவீதம், பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. குறைந்தபட்சத்தை மட்டுமே கட்டி வந்தால், பாக்கி பாதியாவதற்கே ஏறக்குறைய 32 மாதம் ஆகும். ஏனென்றால் பாக்கி குறையக் குறைய அவர்கள் கேட்கும் தொகையும் குறைந்துகொண்டே போகும், நாமும் குறைத்துக் கட்டிக்கொண்டே போவோம். அதற்குப் பதிலாக, பில் எவ்வளவு கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாதம் 5,000 என்று ஒரே தொகையாகக் கட்டி வந்தால் 31 மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். வட்டி அதேதான், தொடக்கத்தில் கட்டும் தொகையும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு பக்கம் பாதிக் கடன் நிற்கிறது, மறுபக்கம் கடனே இல்லை. இந்த வித்தியாசத்தை எந்த பில்லும் என்னிடம் இப்படிப் போட்டுக் காட்டியதில்லை. மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36 என்று வாயால் கணக்குப் போட்டுவிடுகிறோம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது 42.6. இதையும் அந்தப் பக்கம் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவது, ஆண்டுச் செலவுப் பக்கம். இதுதான் எதிர்பாராத சந்தோஷம். காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டி பராமரிப்பு, சொத்து வரி என்று வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வந்து மொத்தமாகக் கையைக் கடிக்கும் செலவுகளை, தொகையும் தேதியும் போட்டு இதில் பதிந்து வைக்கலாம். 24,000 பிரீமியம் என்றால் மாதம் 2,000 ஒதுக்கச் சொல்லும். தேதி ஐந்தே மாதத்தில் வருகிறதென்றால் முதல் தடவை மாதம் 4,800 கேட்கும். அந்த முதல் வருடம் கஷ்டம்தான், எல்லாச் செலவும் ஒரே நேரத்தில் பங்கு கேட்கும். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் 2,000 தான். இந்த முறைக்கு வருகிறவர்களில் பலர் முதல் வருடத்திலேயே மூச்சு முட்டி விட்டுவிடுகிறார்கள். முடியாவிட்டால் எல்லாவற்றையும் பதியாமல் பெரிய இரண்டு செலவை மட்டும் பதிந்து தொடங்குங்கள்.

இந்தப் பக்கத்தின் தலையில் இரண்டு எண்கள் இருக்கும். மேலே வங்கி இருப்பு. அதற்குக் கீழே, ஒதுக்கியதையும் கார்டு பாக்கியையும் கழித்து, 'செலவழிக்கக் கூடியது'. சம்பளம் வந்த அன்று மேலே இருக்கும் எண் கண்ணைப் பறிக்கும், கீழே இருக்கும் எண் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. என் பழக்கத்தை மாற்றியது அந்தக் கீழ் எண்தான். எதை வாங்கப் போனாலும் அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன். பிரீமியம் கட்டும் மாதமும் இப்போது மற்ற மாதங்களைப் போலவே போகிறது, யாரிடமும் கைமாற்று கேட்க வேண்டியதில்லை. தேதியும் தொகையும் தெரிந்த செலவை அவசரச் செலவு என்று சொல்லி அவசரச் சேமிப்பில் கை வைப்பதும் நின்றுவிட்டது. மருத்துவமனை, வேலை இழப்பு மாதிரியான நாளுக்கென்று போட்ட பணம் அதற்காகவே இருக்கிறது.

பட்ஜெட் பக்கம் சுமார். தொடங்கும்போது 50-30-20 என்று ஒரு அச்சைக் கொடுக்கிறது: வரி போகக் கைக்கு வருவதில் பாதி தேவைகளுக்கு, 30 சதவீதம் விருப்பங்களுக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடனுக்கும். அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்து பின்னாளில் அரசியலுக்கு வந்த எலிசபெத் வாரன் தன் மகளோடு சேர்ந்து 2005-ல் எழுதிய புத்தகத்தால் பரவிய விகிதம் இது. வாடகையே பாதியைத் தின்னும் வீட்டில் இது முதல் நாளே உடைந்துவிடும். உங்கள் கடைசி மூன்று மாத உண்மைச் செலவை எடுத்து அங்கிருந்து தொடங்குவதுதான் நடக்கிற காரியம்.

இவ்வளவு பாராட்டிய பிறகு, வாங்கலாமா என்றால் என் பதில், வேண்டாம். பாதி விலையிலும் வேண்டாம். நான் கொண்டாடும் இரண்டு பக்கங்களையும் யோசித்துப் பார்த்தால், அவை செலவு மொத்தத்தைத் தொடுவதே இல்லை. இருப்பு, பாக்கி, தேதி, வட்டி இவற்றை மட்டுமே வைத்துக் கணக்குப் போடுகின்றன, அதனால்தான் சரியாக இருக்கின்றன. அந்த இரண்டையும் எக்செல் தாளில் ஒரு மாலை நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். கடன் எத்தனை மாதத்தில் தீரும் என்று சொல்லும் சூத்திரம் அதிலேயே இருக்கிறது. செயலி தன் பெயரிலேயே வைத்திருக்கும் வேலை, அதாவது செலவைக் கூட்டிச் சொல்வது, அதில்தான் அது தோற்கிறது. மற்றதெல்லாம் நன்றாக இருந்து என்ன?

கணினியில் உட்காரத் தயங்காதவர்களுக்கு க்னூகேஷ் என்ற கணக்கு எழுதும் மென்பொருள் இருக்கிறது. இலவசம், 1998-லிருந்து வந்துகொண்டிருக்கிறது, முழுக்க இரட்டைப் பதிவு. கார்டு அதில் ஒரு கடன் கணக்கு. பில் கட்டினால் வங்கியிலிருந்து அந்தக் கடன் கணக்குக்குப் பணம் போகும், செலவுக் கணக்குப் பக்கமே வராது. வங்கிப் பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டு டிக் போடவும் வசதி உண்டு. முதல் வாரம் பற்று, வரவு என்று தலை சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் மாதம் ஒருமுறை சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது எக்செல் போன்ற எதிலும் திறக்கக் கூடிய எளிய பட்டியலாக, உங்கள் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட செலவுச் செயலிகளில் ஒன்றான மின்ட் 2007-ல் வந்தது, 2009-ல் இன்ட்யூட் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது, 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பல வருடக் கணக்கை வேறு இடத்துக்கு மாற்றும் வேலை அவரவர் தலையில் விழுந்தது.

இதையெல்லாம் மீறி வேறு ஏதாவது செயலி மனதைப் பிடித்துவிட்டால், இலவசச் சோதனை நாட்களில் மூன்று வரிகளை மட்டும் போட்டுப் பாருங்கள். கார்டில் ஒரு பொருள் வாங்கி அதன் பில்லையும் உடனே கட்டிவிடுங்கள். ஏடிஎம்மில் கொஞ்சம் ரொக்கம் எடுத்து அதில் ஒன்றை வாங்குங்கள். ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள். பிறகு மாத மொத்தத்தைத் திறந்து, உண்மையில் கையை விட்டுப் போன தொகையோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் சந்தா கட்டுங்கள்.