அட்வான்ஸ் கொடுத்தாச்சு, இனி யார் அலைவது? ஏரியா புரோக்கர், கம்பெனி ஏஜென்ட், நாமே: ஓர் ஒப்பீடு

வீடு காட்டுவதற்குத்தான் கமிஷன் என்று நினைத்துக்கொண்டு புரோக்கரிடம் பேரம் பேசுகிறோம். வீட்டைப் போனிலேயே பார்த்துவிடலாம். கொஞ்சம் மெனக்கெட்டால் ஓனர் நம்பரும் கிடைத்துவிடும். விலை படிந்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்து ரெஜிஸ்டர் ஆபீஸில் கைரேகை வைக்கும் நாள்வரை ஓடுகிற இரண்டு மூன்று மாதம் இருக்கிறதே, அதில் உங்களுக்காக அலைவது யார்? சென்னையில் மூன்று வழி: தெருமுனை டீக்கடையையே ஆபீஸாக வைத்திருக்கும் ஏரியா புரோக்கர், ஆப் வைத்து நடத்தும் கம்பெனியின் ஏஜென்ட், புரோக்கரே வேண்டாம் என்று வக்கீலையும் பத்திர எழுத்தரையும் வைத்து நாமே முடிப்பது.

இந்த அலசல் நகருக்குள் பழைய ஃபிளாட்டை பேங்க் லோனில் வாங்குபவர்களுக்கு. பில்டரிடம் புது ஃபிளாட் என்றால் கதை வேறு. அங்கே ஏஜென்டுக்குப் பணம் பில்டரிடமிருந்து போகிறது, பத்திர வேலையை அவர்கள் ஆட்களே பார்க்கிறார்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் அக்ரிமெண்டைப் பதிந்து தர ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பில்டரைக் கட்டாயப்படுத்துகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏரியா புரோக்கர், கூடவே அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வக்கீல்.

செலவுக் கணக்கை வேகமாகப் பார்த்துவிடலாம். 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 1 சதவீதக் கமிஷன் 80,000 ரூபாய். 2 கேட்பவர்களும் உண்டு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 7,20,000 ரூபாய், எந்த வழியில் போனாலும் கட்டியே ஆக வேண்டும். வக்கீல் ஃபீஸ், எழுத்தர் கூலி இரண்டும் மூன்று வழிக்கும் பொது. ஆகவே நாமே முடித்தால் மிச்சமாவது அந்தக் கமிஷன் மட்டும்தான்.

அந்த மிச்சம் நியாயமான மிச்சமாக இருக்கும் இடங்களும் உண்டு. விற்பவர் ஒரே ஆள், உள்ளூரில் இருக்கிறார், வீட்டின் மேல் கடன் இல்லை, மூலப் பத்திரங்கள் அவர் பீரோவிலேயே இருக்கின்றன என்றால் புரோக்கர் தேவையில்லை. வக்கீல் 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைக் காட்டும் சான்று) போட்டுப் பார்ப்பார், தாய்ப் பத்திரத்திலிருந்து கைமாறிய வரிசையைச் சரிபார்ப்பார், எழுத்தர் டிராஃப்ட் போடுவார், ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் வக்கீல் காகிதத்தைப் படிக்கிறவர்; விற்பவரின் பேங்குக்குப் போய் நிற்க மாட்டார். எழுத்தருக்கு நீங்கள் ரெஜிஸ்டர் ஆபீஸுக்குள் நுழையும் நாள்தான் வேலை. நடுவில் இருக்கும் நாட்கள் உங்கள் தலையில். ஆபீஸுக்கு லீவு போட்டுப் போட்டு மாளாது.

இன்னொன்று, பெரிதாகத் தெரியாத விஷயம். வில்லங்கத்தில் ஏதோ இடிக்கிறது, 'உங்க அண்ணன் கையெழுத்தும் வேணும்' என்று விற்பவரிடம் நீங்களே நேரில் சொன்னால், அவர் காதில் அது 'உங்களை நம்பவில்லை' என்று விழும். நடுவில் ஓர் ஆள் இருந்தால், 'சார், பேங்க்ல கேக்குறாங்க, நமக்கென்ன, ஒரு கையெழுத்துதானே' என்று அதையே வேறு மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பார். புரோக்கர் சம்பாதிக்கிற காசில் ஒரு பங்கு இந்த வாய்க்குத்தான்.

கம்பெனி ஏஜென்ட் பார்க்கப் பளிச்சென்று இருப்பார். ரசீது தருவார், பேசியதை மெயிலில் போடுவார், நாலைந்து பேங்கின் லோன் ஆட்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புவார். லோன் சாங்ஷன் ஆகும்வரை இவர்கள் வேகம் நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் தொய்வு. பேசி முடித்த பையன் வேறு டீமுக்குப் போயிருப்பான், புதிதாக வருபவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். இந்த ரெஜிஸ்டர் ஆபீஸில் எந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்புவார்கள், இந்த ஃபிளாட் அசோசியேஷன் செயலாளர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்குகிறீர்கள், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்றால் மட்டும் என் ஓட்டு இவர்களுக்கு.

இப்போது மூன்று வழிகளையும் உண்மையில் பிரிக்கிற விஷயம்: விற்பவரின் பாக்கி லோன்.

சென்னையில் பழைய ஃபிளாட் விற்பவர்களில் பலருக்கு அந்த வீட்டின் மேலேயே கடன் ஓடிக்கொண்டிருக்கும். மூலப் பத்திரம் பேங்கில். வில்லங்கச் சான்றில் 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் எம்ஓடி, அதாவது கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை பேங்கில் வைத்ததற்கான பதிவு. உங்கள் பேங்க் பணம் விட வேண்டுமானால் மூலப் பத்திரம் வேண்டும். மூலப் பத்திரம் வெளியே வர வேண்டுமானால் விற்பவரின் கடன் அடைய வேண்டும். கடன் அடைய உங்கள் பணம் வேண்டும். இந்தச் சுழலை உடைப்பதில்தான் நாட்கள் கரைகின்றன.

வரிசை இப்படிப் போகும். 80 லட்சத்துக்குப் பேசிய வீட்டின் மேல் 32 லட்சம் பாக்கி என்று வையுங்கள். விற்பவர் தன் பேங்கில் ஃபோர்க்ளோஷர் லெட்டரும் (எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்ற கடிதம்), அவர்கள் வசம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் எழுதிக் கேட்க வேண்டும். லெட்டரில் ஒரு தேதி இருக்கும். அது தாண்டினால் நாள் வட்டி ஏறி, தொகை மாறி, லெட்டரையே புதிதாக வாங்க வேண்டும். பட்டியலை ஜெராக்ஸோடு உங்கள் பேங்கின் வக்கீல் ஒப்பிடுவார். பிறகு அந்த 32 லட்சத்தை உங்கள் கைப்பணத்திலிருந்து அடைப்பதா, உங்கள் பேங்க் விற்பவரின் லோன் கணக்கின் பெயரிலேயே டிடி எடுப்பதா என்று முடிவாக வேண்டும். பதிவுக்கு முன்னால் டிடி தரச் சில பேங்குகள் சம்மதிக்கும், சில சம்மதிக்காது. இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் லோன் ஆபீசரிடம் கேட்டுவிடுங்கள்.

கடன் அடைந்த மறுநாளே பத்திரம் கையில் வந்துவிடாது. பல பேங்குகளில் பத்திரங்கள் கிளையில் இருப்பதில்லை, வேறெங்கோ மொத்தமாக வைத்திருப்பார்கள். 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் பேங்க் விதிப்படி, கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் அக்ரிமெண்டில் 90 நாள் கெடு என்றால், 30 நாள் என்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. அதன் பிறகு எம்ஓடி ரத்து ரசீதைப் பதிய பேங்க் அதிகாரி ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு நேரில் வர வேண்டியிருக்கலாம். அவருக்கு ஒழிகிற நாள் உங்கள் நாளாக இருக்காது. ரசீது பதிவாகிப் புது வில்லங்கத்தில் ஏறிய பிறகுதான் உங்கள் கிரயத்துக்கு ரெஜிஸ்டர் ஆபீஸில் டோக்கன் (பதிவுக்கான நேரம்) போடுவது பாதுகாப்பு.

இந்த ஒவ்வொரு படிக்கும் ஒருவர் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். லெட்டர் தேதி, சாங்ஷன் காலாவதி, டிடி தேதி, அக்ரிமெண்டின் 90 நாள் என்று நாலு கடிகாரம் ஒரே நேரத்தில் ஓடுகிறது. நல்ல ஏரியா புரோக்கருக்கு இது பழகிய வேலை. விற்பவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பேங்குக்கே போய் உட்கார்ந்துவிடுவார், ஏனென்றால் பதிவு நடந்தால்தான் அவருக்குக் காசு. கம்பெனி ஏஜென்ட் மெயில் அனுப்பி நினைவூட்டுவார். நாமே முடிக்கும் வழியில், நம்மிடம் ஏற்கெனவே 8 லட்சம் அட்வான்ஸ் வாங்கி வைத்திருக்கும் ஒருவரை நாமே நச்சரிக்க வேண்டும்.

அக்ரிமெண்டில் இதற்கு ஒரு வரி அவசியம்: விற்பவரின் பேங்கால் ஆகும் தாமதம் 90 நாள் கணக்கில் சேராது. இது இல்லாமல் கையெழுத்துப் போட்டால், அவர் பேங்க் இழுத்தடித்ததற்கு உங்கள் அட்வான்ஸ் பறிபோகலாம். 'பழகுன வீடு சார், பதியாம வெறும் பத்திரத்துல எழுதிக்கலாம்' என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தமும் கட்டாயம் பதிய வேண்டிய ஆவணம். பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். இன்னொருவர் பார்த்தாலும் தெரியும். பேரம் முறிந்தால் ரத்தையும் பதிய வேண்டியிருக்கும் என்பது அதன் தொல்லை.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, புரோக்கரிடம் விடக் கூடாததையும் சொல்ல வேண்டும். பதிவு நடந்தால்தான் காசு என்பதே அவருடைய பலம், பலவீனமும் அதுவே. பத்திரத்தில் ஓட்டை இருந்தால் 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்பார். அதனால் லீகல் ஒப்பீனியன் அவர் காட்டும் வக்கீலிடம் வேண்டாம். வில்லங்கம் பதிவானதை மட்டுமே காட்டும்; பதியாத உயில், விட்டுப்போன வாரிசு, கோர்ட்டில் கிடக்கும் வழக்கு எதுவும் அதில் தெரியாது. ஃபிளாட்டில் யுடிஎஸ் (மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத பங்கு) எல்லா வீட்டுக்கும் கூட்டினால் மனை அளவைத் தாண்டுகிறதா, கார் பார்க்கிங் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த பிளானில் இருக்கும் மாடிதானா என்பதெல்லாம் வக்கீல் வேலை. விற்பவரின் பங்காளியான அக்கா அமெரிக்காவில் இருந்து பவர் பத்திரம் அனுப்புகிறார் என்றால், அந்தக் காகிதம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்றும் வக்கீல் பார்க்க வேண்டும்.

டோக்கன் அட்வான்ஸைப் புரோக்கர் கணக்கில் போடாதீர்கள். நேராக விற்பவர் கணக்குக்கு. ரொக்கமாக வேண்டாம். வீட்டு அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்ட வேண்டியவர் நீங்கள். விற்பவரின் பான் ஆதாரோடு இணையாமல் செயலிழந்து கிடந்தால் அது 20 சதவீதமாகிவிடும். அட்வான்ஸுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். விற்பவர் என்ஆர்ஐ என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே செல்லாது, ஆடிட்டர் இல்லாமல் தொடாதீர்கள். 'எனக்குத் தெரிந்தவர் மூலமா' என்று இரண்டு மூன்று லிங்க் புரோக்கர் சேர்ந்து வந்தால் விலகிவிடலாம். கமிஷன் பங்குபோடத்தான் ஆள் இருக்கும், பேங்குக்குப் போக ஆள் இருக்காது.

பதிவு நாளில் புரோக்கரின் மதிப்பு மறுபடி தெரியும். ஆடி மாதத்தில் கிரயம் வேண்டாம் என்று விற்பவர் பிடிவாதம் பிடிப்பார், ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஊரே வரும். டோக்கனை எழுத்தரிடம் சொல்லி முன்கூட்டியே போட வைப்பவர் அவர்தான். வீட்டுப் படத்தை இட அமைவுக் குறியோடு எடுத்துப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும், இரண்டு சாட்சிகள் அடையாள அட்டையோடு வர வேண்டும், உங்கள் பேங்க் ஆள் டிடியோடு வந்து மூலப் பத்திரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வயதான விற்பவரின் விரல் ரேகை மெஷினில் விழாது. ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, வேறு விரலை வைத்துப் பார்க்கச் சொல்வதுகூட அனுபவம்தான்.

மனை வாங்குபவர்களுக்கு, அதுவும் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் என்றால், இதே சாய்வை அப்படியே சொல்லத் தயங்குகிறேன். அங்கே பட்டா, அளவு, பாதை என்று பிரச்சினை நிலத்தில்தான் இருக்கிறது. சர்வேயரும் வக்கீலும் சொல்வதற்குத்தான் முதல் இடம்.

கமிஷனை அக்ரிமெண்ட் அன்று பாதி, பதிவன்று மீதி என்று கேட்பார்கள். அக்ரிமெண்டில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். இபி, சொத்து வரி, மெட்ரோ வாட்டர் மூன்றிலும் பெயர் மாறும்வரை ஒரு பத்தாயிரத்தை நிறுத்திவைப்பதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார், ஆனால் ஒத்துக்கொள்வார்.