பிளேஸ்டேஷன், சாட்டர்ன், நின்டெண்டோ 64: கிராஃபிக்ஸில் எது எங்கே ஜெயித்தது?

1990-களின் நடுவில் வந்த மூன்று கன்சோல்களில் எதன் கிராஃபிக்ஸ் சிறந்தது என்று கேட்டால், பலரும் ‘64 பிட்’ என்ற எண்ணைக் காட்டி நின்டெண்டோ 64 என்பார்கள். பிளேஸ்டேஷன் ரசிகர்கள் ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சேகா சாட்டர்னுக்காகப் பேச ஆட்கள் குறைவு. என் கட்சி இதுதான்: அந்தக் காலச் சிப்புகளை வைத்து எல்லாவற்றையும் நன்றாக வரைய முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே முடிவெடுத்தது. அந்த முடிவு தெரியாமல் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை.

முதலில் பிளேஸ்டேஷன். ஜப்பானில் 1994 டிசம்பரில் வந்தது. 33.8 மெகாஹெர்ட்ஸ் செயலி, 2 எம்பி நினைவகம், படத்துக்கென்று 1 எம்பி. 3டி கணக்குகளுக்குச் செயலியோடு ஒட்டியே ஒரு தனிப் பிரிவு. 3டி உருவங்களைக் கட்டும் முக்கோணங்களை வரிசையாக அனுப்பினால் மளமளவென்று வரைந்து தள்ளும். நிரல் எழுதுபவருக்கும் பெரிய குழப்பம் இல்லை. அந்த வேகத்துக்காக சோனி விட்டுக்கொடுத்தது துல்லியத்தை. முக்கோணத்தின் மூலைகள் திரையில் முழுப் புள்ளிகளில் மட்டும்தான் நிற்கும், இரண்டு புள்ளிக்கு நடுவே நிற்காது. அதனால் கேமரா மெல்ல நகரும்போது சுவரின் ஓரங்கள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவி நடுங்குகின்றன. முக்கோணத்தின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரை ஒட்டும்போது தூரத்தை அது கணக்கில் எடுப்பதும் இல்லை. நேராகப் போகவேண்டிய தரைக் கோடுகள் நாம் கிட்டே போனதும் நெளிந்து வளைகின்றன. எது முன்னால், எது பின்னால் என்று புள்ளிக்குப் புள்ளி சரிபார்க்கும் இசட் பஃபரும் இல்லை. நிரலே முக்கோணங்களைத் தூர வரிசையில் அடுக்கித் தரவேண்டும். வரிசை பிசகினால் பாத்திரத்தின் கால் சுவருக்குள் போய் எட்டிப்பார்க்கும்.

இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டு வேலை செய்தவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும். நாட்டி டாக் 1996-ல் செய்த கிராஷ் பேண்டிகூட்டில் கேமரா ஒரு குறித்த பாதையை விட்டு விலகாது. எந்த இடத்தில் எந்த முக்கோணம் தெரியும் என்பதை முன்பே கணக்கிட்டு டிஸ்கில் வைத்துவிட்டார்கள். வழக்கமான 320 புள்ளி அகலத்துக்குப் பதில் 512 புள்ளி. கிராஷின் உடம்பில் பெரும்பகுதிக்கு டெக்ஸ்சரே கிடையாது, வெறும் நிறம்தான். டெக்ஸ்சர் இல்லாத இடத்தில் நெளிவதற்கு என்ன இருக்கிறது? 1998-ல் வந்த ஸ்பைரோ இதையே வேறு விதமாகச் செய்தது. தூரத்துக் கோட்டைகளை நிறம் பூசிய முக்கோணங்களாக மட்டும் வரைந்து, கிட்டே போகப் போக டெக்ஸ்சரைக் கொண்டுவந்தது. அதே காலத்துக் கேம்கள் பல மூடுபனிக்குள் ஒளிந்துகொண்டபோது, ஸ்பைரோவில் அடிவானம் வரை தெரிந்தது.

சாட்டர்ன் பிளேஸ்டேஷனுக்குச் சில நாள் முன்பு, 1994 நவம்பரில் வந்தது. உள்ளே 28.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஹிட்டாச்சி எஸ்எச்-2 செயலிகள் இரண்டு. படத்துக்கும் இரண்டு சிப்புகள். முதல் சிப் ஸ்பிரைட்களை, அதாவது தட்டையான சின்னப் படங்களை, வரையும். 3டி வேண்டுமானால் அந்த ஸ்பிரைட்டையே நான்கு மூலையையும் இழுத்து வளைத்துக்கொள்ள வேண்டியதுதான். முக்கோணம் என்பதே அதன் கணக்கில் இல்லை, நாற்கோணம்தான். இரண்டாவது சிப்பின் வேலை பின்னணி: பல அடுக்குகள், அவற்றில் சிலவற்றைச் சாய்த்து முடிவில்லாத தரையாக விரிக்கலாம். பான்சர் டிராகூன் கேமின் நீர்ப்பரப்பு இப்படித்தான் வந்தது. அதே தரையை பிளேஸ்டேஷன் வரையவேண்டுமென்றால் முக்கோணங்களை வாரி இறைக்க வேண்டும், அப்போதும் அது நெளியும். 1995-ல் விர்ச்சுவா ஃபைட்டர் 2 இந்தப் பெட்டியில் உயர் ரெசல்யூஷனில் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடியது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் இருந்த ஒளி நிழல் கணக்குகளும் முழு 3டி பின்னணிகளும் போய்விட்டன. ஆனாலும் அந்தக் கூர்மைக்கு அன்று வீட்டில் இணை இல்லை.

சாட்டர்ன் வசமாக மாட்டிக்கொண்டது ஒளி ஊடுருவும் பொருள்களில். புகை, தண்ணீர், வெடிப்பின் சுடர் என்று பின்னால் இருப்பது பாதி தெரியவேண்டிய எதுவும் அதற்குச் சிக்கல். வளைத்த ஸ்பிரைட்டை வரையும்போது சில புள்ளிகளை அது இரண்டு முறை வரைந்துவிடும். பாதி ஊடுருவலில் அந்த இடங்கள் மட்டும் அழுத்தமாகத் தெரியும். போதாக்குறைக்கு, முதல் சிப் செய்யும் கலவைக்கு இரண்டாவது சிப்பின் பின்னணி தெரியவே தெரியாது. அதனால் பலர் ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி வரையும் வலைப் பின்னலுக்குப் போனார்கள்.

நின்டெண்டோ 64 வந்தது 1996 ஜூனில். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. செயலி 93.75 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 4 எம்பி, விரிவாக்கப் பேக் போட்டால் 8. இசட் பஃபர் உண்டு, டெக்ஸ்சர் தூரத்துக்கு ஏற்பச் சரியாக விழும், ஓரங்கள் மழுக்கப்பட்டு வரும். நடுக்கமும் இல்லை, நெளிவும் இல்லை. 3டி என்றால் எப்படி இருக்கவேண்டும் என்பதை மூன்றில் சரியாகப் புரிந்துகொண்ட பெட்டி இதுதான். ஆனால் வரையும் சிப்பின் கைக்கெட்டும் டெக்ஸ்சர் இடம் வெறும் 4 கேபி. பெரிய சமையலறையைக் கட்டிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கையகல மேடை மட்டும் வைத்த மாதிரி. 16 பிட் நிறத்தில் 32-க்கு 64 புள்ளி படம் ஒன்றை வைத்தால் இடம் தீர்ந்தது. அந்தச் சின்னப் படத்தைப் பெரிய சுவரில் இழுத்து ஒட்டி, வடிகட்டியால் மென்மையாக்கும்போது சுவர் மங்கிப்போகிறது. சூப்பர் மாரியோ 64 இன்றும் பளிச்சென்று இருக்கிறது என்றால், மாரியோ பெரும்பாலும் டெக்ஸ்சர் இல்லாத நிறத்தாலேயே ஆனவர் என்பதும் ஒரு காரணம். கிராஷும் மாரியோவும் எதிரெதிர் முகாம். இரண்டு குழுவும் ஒரே தீர்வைத்தான் பிடித்தன.

சரி, ஒரே கேம் மூன்றிலும் எப்படி? டியூக் நியூகெம் 3டி 1997-ல் மூன்று பெட்டிக்கும் வந்தது, மூன்றும் மூன்று வழியில். பிளேஸ்டேஷனில் வந்தது கணினிப் பதிப்புக்குக் கிட்டத்தில் நிற்பது. சிடி இசையும் புது எபிசோடும் சேர்ந்தன. ஆனால் நெருக்கமான அறைகளில் சுவர்கள் நெளிகின்றன, ஓட்டமும் தடுமாறுகிறது. நின்டெண்டோ 64 பதிப்பில் சுவர் அசையாது, வெடிப்புகளை 3டி-யில் புதிதாகச் செய்தார்கள், நான்கு பேர் திரையைப் பிரித்துக்கொண்டு சண்டை போடலாம். ஆனால் சிடிக்குப் பதில் நின்டெண்டோ 64 பயன்படுத்திய கார்ட்ரிட்ஜில் இடம் போதாமல் ஆட்டத்தின் நடுவே இசையே இல்லை. சாட்டர்னில் லோபாட்டமி சாஃப்ட்வேர் பழைய நிரலை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்லேவ்டிரைவர் என்ற தன் சொந்த எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை நிரல்) உலகத்தையே மறுபடி கட்டியது. துப்பாக்கி வெடிக்கும்போது சுவரில் வண்ண ஒளி படர்கிறது. 3டி-க்கு லாயக்கில்லை என்று சொல்லப்பட்ட பெட்டியில் இப்படி ஒரு ஒளியைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. அதே குழு அதே எஞ்சினில் குவேக் கேமையும் சாட்டர்னுக்குக் கொண்டுவந்தது. இந்தக் கேமில் என் ஓட்டு சாட்டர்னுக்கு.

அதற்காக சாட்டர்னுக்கு எல்லா இடத்திலும் ஓட்டுப் போட முடியாது. காசல்வேனியாவின் சிம்ஃபனி ஆஃப் தி நைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2டி கேம், சாட்டர்னுக்கு லட்டு மாதிரி அமைந்திருக்கவேண்டியது. பிளேஸ்டேஷனில் 1997-ல் வந்தது. சாட்டர்னுக்கு 1998-ல், ஜப்பானில் மட்டும். புதிய இடங்கள் இரண்டு, மரியா என்ற பாத்திரமாக ஆடும் வசதி என்று நிறையச் சேர்த்தார்கள். ஆனால் மூலக் கேம் முழுக்க ஊடுருவும் ஒளியை நம்பிக் கட்டப்பட்டது. அந்த மூடுபனியும் மாயச் சுடர்களும் சாட்டர்னில் வலைப் பின்னலாகச் சிதைந்துவிட்டன, வேகமும் அங்கங்கே குறைகிறது. எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கதை தலைகீழ். 4 எம்பி கூடுதல் நினைவகக் கார்ட்ரிட்ஜைச் செருகிய சாட்டர்னில் ஆர்கேடைப் போலவே சண்டை நடுவில் ஆளை மாற்றலாம், அசைவுகளும் குறையாமல் இருக்கின்றன. 2 எம்பி வைத்திருந்த பிளேஸ்டேஷனில் அசைவுகளை வெட்டியது மட்டுமில்லாமல், ஆள் மாற்றும் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருந்தது.

கார்ட்ரிட்ஜா சிடியா என்ற வழக்குக்கு ரெசிடன்ட் ஈவில் 2-ஐவிட நல்ல சாட்சி இல்லை. பிளேஸ்டேஷனில் 1998-ல் இரண்டு சிடியாக வந்த கேம். முன்கூட்டியே வரைந்த பின்னணிப் படங்கள், வீடியோ காட்சிகள், குரல்கள் எல்லாம் சேர்ந்த எடை அது. 1999-ல் ஏஞ்சல் ஸ்டூடியோஸ் அதை 64 எம்பி கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கிக் காட்டியது, வீடியோ உட்பட. வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தோல்வி பளிச்சென்று தெரியும்: மங்கல், கட்டம் கட்டமாக உடைந்த நிறங்கள். ஆனால் பாத்திரங்கள் நடுங்காமல் நிற்கிறார்கள். விரிவாக்கப் பேக் இருந்தால் ரெசல்யூஷனும் கூடுகிறது. நாயகன் லியோனின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கவேண்டுமென்றால் நின்டெண்டோ 64, கதைக் காட்சிகளை ரசிக்கவேண்டுமென்றால் பிளேஸ்டேஷன். இந்தக் கேமில் யாரும் தோற்கவில்லை என்பதே என் எண்ணம், அந்தப் பொறியாளர்கள் பட்ட பாட்டுக்கு அது தகும்.

மொத்தத்தில் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால், சராசரிக் கேம் பார்க்க நன்றாக இருந்தது பிளேஸ்டேஷனில். சாட்டர்னிலும் நின்டெண்டோவிலும் நல்ல படம் வர அசாத்தியத் திறமை தேவைப்பட்டது. பாஸ் கேம் ஸ்டூடியோஸ் 1999-ல் வேர்ல்ட் டிரைவர் சாம்பியன்ஷிப்புக்காக நின்டெண்டோ 64-இன் வரைசிப்புக்கே சொந்த நிரல் எழுதி, விரிவாக்கப் பேக் இல்லாமலே உயர் ரெசல்யூஷனைக் கொண்டுவந்தது. அந்த வேலைக்கு எத்தனை குழுக்களால் நேரம் ஒதுக்கியிருக்க முடியும்?

இன்று இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்குத் திரையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இவை எல்லாம் பழைய பெட்டி டிவிக்காக வரையப்பட்டவை. மஞ்சள் முனை காம்போசிட் கேபிளில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; சாட்டர்னின் வலைப் பின்னல் அதில் உண்மையான நிழலாகவே தெரிந்தது. நிறப் படிகளை மறைக்க பிளேஸ்டேஷன் தூவும் புள்ளிகளும் அப்படியே கரைந்துபோயின. தட்டைத் திரையில் இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நின்டெண்டோ 64-க்கு நேர் எதிர் கதி: ஏற்கெனவே மழுக்கப்பட்ட படத்தை டிவியும் பெரிதாக்கும்போது மங்கல் இரட்டிப்பாகிறது.

பழைய கன்சோலைப் போலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் எமுலேட்டர்களில் பிஜிஎக்ஸ்பி என்ற வசதியைப் போட்டால் நடுக்கமும் நெளிவும் மறைந்துவிடும். சாட்டர்ன் எமுலேட்டர்கள் சிலவற்றில் வலைப் பின்னலை நிஜ ஊடுருவலாக மாற்றித் தரும் அமைப்பும் உண்டு. கேமை ஆடி ரசிக்க இவை அருமை, நானே போட்டுக்கொள்வேன். மூன்று பெட்டிகளையும் எடைபோட உட்காரும்போது மட்டும் அவற்றை அணைத்துவிட்டு, ரெசல்யூஷனையும் அசல் அளவுக்கே இறக்கி, பழைய பெட்டி டிவி போலக் காட்டும் சிஆர்டி வடிகட்டி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.