பத்து மடங்கு லென்ஸும் 1955ஆம் ஆண்டின் ஒரு சென்ட் காசும்

நாணயம் சேர்ப்பவர்களுக்கென விற்கப்படும் பத்து மடங்கு மடக்கு லென்ஸ் ஒன்றை இணையத்தில் வாங்கி மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸ், எஃகுக் கூடு, விளிம்பைச் சுற்றி எல்இடி விளக்கு. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவே இதை வாங்கினேன். 'டபுள் டை' (உருவம் இரட்டையாகப் பதிந்த அச்சில் அடித்த காசு) என்று சொல்லி ஒரு விற்பனையாளர் எனக்கு விற்ற 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் காசில், ஆண்டின் கடைசி 5 மட்டுமே இரட்டையாகத் தெரிந்தது.

உண்மையான 1955 டபுள் டை பிலடெல்பியா நாணயச் சாலையில் பிறந்தது. புடைப்பான உருவம் கொண்ட 'ஹப்' என்னும் எஃகுத் தண்டை அழுத்தித்தான் நாணயம் அடிக்கும் அச்சைத் தயாரிப்பார்கள். அக்காலத்தில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது. அழுத்தத்தில் இறுகிய அச்சைச் சூடாக்கி இளக்கி, ஹப்பை மறுபடியும் அதே இடத்தில் அழுத்த வேண்டும். அது சற்றே திரும்பி உட்கார்ந்துவிட்டால் இரட்டிப்பு அச்சிலேயே பதிந்துவிடும், பிறகு அந்த அச்சு அடிக்கும் காசு ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே அளவில் வரும். நடுவை மையமாகக் கொண்டு திரும்பியதால் 1955 காசில் ஆண்டும் 'லிபர்ட்டி' முதலிய ஓரத்து எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். அப்படிப்பட்ட காசுகள் 20,000க்கும் மேல் புழக்கத்துக்குப் போய்விட்டன என்பதும், இன்று அவற்றுக்குப் போலிகள் ஏராளம் என்பதும் சேகரிப்பாளர்கள் அறிந்ததே.

என் காசை லென்ஸின் கீழ் வைத்தபோது, கடைசி 5 வீங்கி, ஓரம் கரைந்து பரவியிருந்தது. எங்கும் தெளிவான இரண்டாம் கோடு இல்லை. தேய்ந்த அச்சின் வேலை இது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'ஏழையின் டபுள் டை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் (ஏழைக்கு விற்ற விலைதான் ஏழைக்கேற்றதாக இல்லை).

என் பெட்டியில் கிடந்த வேறொரு காசில் மூன்றாவது வகையையும் இந்த லென்ஸ் காட்டியது. எழுத்தின் ஒரு பக்கம் மட்டும் நசுங்கி, படிக்கட்டுப் போலத் தட்டையாகப் பளபளத்தது. இது மெஷின் டபுளிங்: காசு அடிபடும் நொடியில் தளர்ந்த அச்சு சற்று நகர்ந்து, ஏற்கெனவே எழும்பிய உலோகத்தை அமுக்கிவிடுகிறது. அதனால் எழுத்து மெலிந்துபோகும். டபுள் டையிலோ எழுத்து தடிக்கும், இரண்டாம் உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு நிற்கும், மூலைகளில் மீன்வால் போன்ற பிளவு தெரியும். இந்த வேறுபாட்டைப் பத்து மடங்கில் ஐயமின்றிப் பார்க்க முடிகிறது. அதற்கு மேல் பெரிதாக்கினால் கீறல் எல்லாம் இரட்டிப்பாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

குறை என்றால் அந்த எல்இடி வளையம்தான். ஒளி எல்லாப் பக்கமிருந்தும் விழுவதால் நிழல் அடிபட்டுப்போகிறது, தட்டையான படி மின்னி இன்னொரு எழுத்தைப் போல ஏமாற்றுகிறது. முதல் வாரம் நானே மெஷின் டபுளிங்கை டபுள் டை என்று நம்பி மகிழ்ந்தேன். விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, காசை மெல்லத் திருப்பிப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. காசை லென்ஸிலிருந்து ஏறத்தாழ இரண்டரை செ.மீ. தூரத்தில் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குப் பழக நாளாகும். மடக்கும் இடத்துத் திருகாணி இரண்டாம் மாதமே தளர்ந்தது, சிறிய திருப்புளியால் முடுக்கிக்கொண்டேன்.

லென்ஸின் தரத்துக்கு ஐந்தில் நான்கு தருவேன். இதே லென்ஸ் விளக்கில்லாமல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.