50 ஓமா, டிரான்ஸ்இம்பீடன்ஸா, இண்டக்டரா?

சிங்கப்பூரில் ஒரு கடைத்தொகுதியின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்துக்கு 5ஜி சிக்னலை ஃபைபரில் இறக்க வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ், அகலம் 100 மெகாஹெர்ட்ஸ்தான். ஒளியை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடயோடுக்குப் பின்னால் எதை வைப்பது? தேக்கா கோப்பிக்கடையில் நண்பரோடு ஆரம்பித்த பேச்சு இரண்டு கோப்பி தாண்டியும் முடியவில்லை.

டயோடின் மின்தேக்கம் 1 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 50 ஓம் ரெசிஸ்டர் போட்டால் வேலை சுலபம். ஆனால் அதன் வெப்ப இரைச்சலே ரூட் ஹெர்ட்ஸுக்கு 18 பிகோஆம்பியர் (இனி வரும் இரைச்சல் எல்லாம் இதே அலகில்தான்). போதாததற்கு 3.2 கிகாஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிந்துவிடும்.

மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கிப் பெருக்கும் டிரான்ஸ்இம்பீடன்ஸ் ஆம்பில் 500 ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் வைத்தால் ரெசிஸ்டர் இரைச்சல் 6 பிகோஆம்பியருக்குள் அடங்கும். ஆனால் நமக்கு வேண்டாத அதிர்வெண்களையும் அது சேர்த்தே பெருக்கும்.

இண்டக்டர், அதாவது கம்பிச்சுருள் வழிதான் எனக்குப் பிடித்தது. டயோடுக்கு இணையாக 2 நானோஹென்றி வைத்தால் மின்தேக்கம் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து காணாமல் போகும். ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்லும் கியூ 10 கிடைத்தால் மின்தடை சுமார் 455 ஓம், இரைச்சல் 6 பிகோஆம்பியர், சிக்னல் கடந்து வரும் பாஸ்பேண்ட் 350 மெகாஹெர்ட்ஸ். அடுத்து வரும் ஆம்பின் உள்ளீட்டு மின்தடை மட்டும் உயர்வாக இருக்க வேண்டும். 50 ஓம் ஆம்பை நேராக மாட்டினால் கியூ அங்கேயே போச்சு. சேட்டையும் உண்டு. ஒருமுறை போர்டில் சால்டர் வைக்கும் பேடைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டேன். கூடியது 0.1 பிகோஃபாரட்தான், மையம் 160 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கி, சிக்னல் பாஸ்பேண்டின் ஓரத்தில் தொங்கியது. சில்லை இணைக்கும் மெல்லிய பாண்ட் வயர் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய 1 நானோஹென்றி என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம்? அது வந்து சேரும் ஒளியைப் பொறுத்தது. இந்தத் தீவில் ஃபைபர் தூரம் குறைவு, ஒளி பலமாகவே வரும். டயோடில் 1 மில்லிஆம்பியர் ஓடினால், எலெக்ட்ரான்கள் தனித்தனியாக வருவதால் எழும் ஷாட் இரைச்சலே 18 பிகோஆம்பியர். ஆம்பின் இரைச்சலை விட்டுவிட்டுப் பார்த்தால், 50 ஓமைவிட இண்டக்டர் தருவது 2.5 டெசிபல்தான். லேசரின் இரைச்சலும் சேர்ந்தால் அதுவும் தேயும். அதே ஒளியை 32 ஆகப் பிரித்துத் தளத்துக்குத் தளம் அனுப்பினால் கதை வேறு: ஷாட் இரைச்சல் 3 பிகோஆம்பியருக்கு இறங்க, லாபம் 8.5 டெசிபலைத் தாண்டும். ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் இண்டக்டர், இல்லாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று என்று நான் பேச்சை முடிக்கப் போனேன்.

அப்போதுதான் நண்பர் மெல்லச் சொன்னார்: "அதே ஃபைபரில் 2.1 கிகாஹெர்ட்ஸும் வரணுமாம்." அது பாஸ்பேண்டுக்கு வெகு தூரம்; இண்டக்டர் அத்தோடு வெளியே. டிரான்ஸ்இம்பீடன்ஸ் என்று டிஷ்யூ தாளில் எழுதிவிட்டு மூன்றாவது கோப்பி சொன்னோம்.