டொக்கில் காத்திருப்பும் என் ஈஎல்டியும்: நாலு வருட அனுபவம்

போன கிழமை ஈஎல்டியின், அதாவது எஞ்சினோடு இணைந்து ஓட்டும் நேரத்தைத் தானாகப் பதியும் கருவியின், வயர் பழுதாகி, மூன்று நாள் தாளில் லொக் (வேலை நேரப் பதிவு) எழுதினேன். திருத்தி எடுத்த அன்றே அக்காவின் மகன் போன் எடுத்தான். ஏஇசட் லைசன்ஸ் (பெரிய ட்ரக் ஓட்டும் லைசன்ஸ்) எடுத்து ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓடத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

"மாமா, ஓஹாயோவில ஒரு வெயர்ஹவுசில நிக்கிறன். இன்னும் மூண்டு மணித்தியாலம் செல்லுமாம். லொக்கில எதைப் போடுறது?"

"நீ இப்ப என்ன செய்யிறாய் எண்டு முதல்ல சொல்லு அப்பன்" என்றேன்.

அதுதான் விஷயமே. டொக்கில், அதாவது வெயர்ஹவுசில் ஏற்றி இறக்கும் கதவடியில், சாமான் எண்ணிக்கொண்டு நின்றாலும், கூப்பிட்டவுடன் நகர்த்தத் தயாராகச் சீட்டில் இருந்தாலும் ஓன் டியூட்டி (வேலையில்), லொக்கில் நாலாம் கோடு. வண்டிப் பொறுப்பு முழுதும் கழன்று, விரும்பிய இடத்துக்குப் போய்வரலாம் என்றால் ஓஃப் டியூட்டி. சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் போய்ப் படுத்துவிட்டால் ஸ்லீப்பர். கொம்பனியில் ஓட்டங்களை ஒதுக்கும் டிஸ்பாட்சர் "ஓஃப் போடு" என்றார் என்பதற்காக மட்டும் போடக்கூடாது. எட்டு நாளைக்கான உன் 70 மணித்தியால வேலை வரம்பு மிச்சமானால் அவருக்கு லாபம். பொய் லொக்கில் கிடப்பது உன் கையெழுத்து.

சரி, கருவிக்கு வருகிறேன். சொந்த வண்டி, சொந்தக் காசில் வாங்கிய கருவி. வாங்கியதற்கு வருத்தப்பட்டதில்லை. தாள் காலத்தில் காத்திருப்புக் காசு கேட்டால் "நீ எத்தனை மணிக்கு வந்தாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்" என்று லோட் பிடித்துத் தரும் புரோக்கர் மடக்குவார். இப்போது வந்த நேரமும் இடமும் லொக்கில் தானாகவே பதிகின்றன. அந்தப் பக்கத்தை அனுப்பினால் வாதம் முடிந்தது. இந்த ஒன்றுக்கே மாதச் சந்தா தகும்.

ஆனால் ஸ்லீப்பரைப் பிரித்து எடுக்கும் நாளில் இது என்னைப் படுத்தும் பாடு தாங்க முடியவில்லை.

2020 செப்டம்பர் 29 முதல் அமெரிக்காவில் 10 மணித்தியால ஓய்வை 7க்கு 3 என்றும் பிரிக்கலாம். ஸ்லீப்பரில் 7க்குக் குறையாத ஒரு துண்டு, ஓஃப் டியூட்டியிலோ ஸ்லீப்பரிலோ 2க்குக் குறையாத இன்னொன்று, கூட்டினால் 10 வரவேண்டும். வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குப் பிறகு ஓட்டக்கூடாது என்ற கணக்கில் இந்த இரண்டு துண்டும் சேராது. டொக்கில் வீணாகும் நேரத்தை ஓட்டுநருக்குத் திருப்பித் தரும் விதி என்று எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

காலை 5 மணிக்கு வேலை தொடங்கிய ஒரு நாள். பத்து மணிக்கு டொக். பதிவெல்லாம் முடித்து, 10.20 முதல் 1.20 வரை நல்ல நித்திரை. சாதாரணக் கணக்கில் மாலை 7க்கு என் நாள் முடிய வேண்டும். பிறகு 7 மணித்தியாலம் ஸ்லீப்பரில் படுத்தால் என் நாள் இரவு 10 மணிவரை நீளும். ஓட்டும் நேரம் எப்படியும் 11தான். எல்லாம் சட்டப்படி. ஆனால் 7 மணி கடந்ததும் திரை முழுக்கச் சிவப்பு, "மீறல்" என்று. இரண்டாம் துண்டு முடியும்வரை என் கருவிக்கு இந்தக் கணக்கு விளங்காது. விடிய எழும்பிப் பார்த்தால் சிவப்பு தானாக மறைந்திருக்கும். சரியாக ஓடுகிறவனை மூன்று மணித்தியாலம் இருட்டில் குற்றவாளி போல ஓட வைக்கிறது.

எல்லாப் பழியையும் அதன் தலையில் போடவும் முடியாது. படுத்து ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனபோது காவலாளி கதவைத் தட்டி, "32ஆம் கதவுக்குப் போ" என்றால் கருவி என்ன செய்யும்? முப்பது மீற்றர் நகர்த்தினாலும் அது வேலை. ஓய்வு முறிந்துவிடும், 2 மணித்தியாலத்தைத் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். யார்ட் மூவ் (வளவுக்குள் நகர்த்துவதற்குக் கருவியில் போடும் நிலை) கூட எஞ்சினை நிறுத்தினால் விழுந்துவிடும். அதைத் திரும்பப் போட மறந்து அப்படியே வேகமாக நகர்த்தினால் ஓட்டிய நேரமாகவே பதியும், பிறகு அதை வெட்டிக் குறைக்க விதி விடாது. இப்போது பதியும்போதே ஜன்னலில் சொல்லிவிடுகிறேன்: "கதவு தயாரானதும் ஒரே தரம் கூப்பிடுங்கள்." பாதி இடங்களில் கேட்கிறார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. டொக்கில் சராசரியாகச் செல்லும் நேரம் 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கும் விபத்து வீதம் 6.2% கூடும் என்கிறது. காத்திருந்து களைத்தவன் நேரத்தைப் பிடிக்க ஓடுகிறான். அவன் முகத்துக்கு முன்னால் பொய்ச் சிவப்பும் எரியவேண்டுமா?

மார்கழியில் சந்தா முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. பிரித்த ஓய்வின் மிச்ச நேரத்தை முதல் திரையிலேயே காட்டும் கருவியாகத் தேடுகிறேன், விலை கூடினாலும் பரவாயில்லை. மருமகனுக்குக் கொம்பனி கொடுத்த கருவிதான், மாற்ற வழியில்லை. அன்று அவன் ஸ்லீப்பர் போட்டுப் படுத்தான். இரண்டே கால் மணித்தியாலம் யாரும் தட்டவில்லையாம்.